ஒளி உடைத்த சிலை

பல ஆண்டுகளில், பல ஊர்களில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் புதுமைகளை ஒரே திரையில், ஒரே கணமாக நிறுத்த வேண்டும். ஆண்ட்வெர்ப் நகரத்துச் சேசு சபையினர் பீட்டர் பால் ரூபன்ஸிடம் ஒப்படைத்த வேலை இதுதான். ஒரு காலம், ஒரு களம், ஒரு செயல் என்று மறுமலர்ச்சி ஓவியம் கட்டிக் காத்த ஒழுங்குக்கு இது நேர் எதிரானது. ஒழுங்கை மீறினால் படம் சம்பவங்களின் பட்டியலாகச் சிதறிப்போகும். மீறாவிட்டால் கேட்டவர்களின் தேவை நிறைவேறாது. 'புனித பிரான்சிஸ் சவேரியாரின் புதுமைகள்' இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தது, எங்கே தீர்க்காமல் விட்டது என்பதே என் கேள்வி. பரோக் காலப் பீடப்படங்களின் வரிசையில் அதன் இடம் எப்போதோ உறுதியாகிவிட்டது. அந்த இடத்துக்கு அது எந்தப் பகுதிகளால் தகுதி பெறுகிறது, எந்தப் பகுதி அந்தத் தகுதிக்குக் கீழே நிற்கிறது என்பதை நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புறச்செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படம் 1617–18 வாக்கில் வரையப்பட்டது; துணியில் எண்ணெய் வண்ணம்; உயரம் 535 செ.மீ., அகலம் 395 செ.மீ. லொயோலா இஞ்ஞாசியாரின் புதுமைகளைக் காட்டும் இணைப்படம் ஒன்று இதே அளவில் உண்டு. இரண்டும் ஆண்ட்வெர்ப் சேசு சபைக் கோயிலின் தலைமைப் பீடத்துக்காக வரையப்பட்டவை. கப்பி கட்டி ஏற்றி இறக்கி, ஒரு படத்தை எடுத்து இன்னொன்றை வைக்கும் ஏற்பாடு அங்கே இருந்தது. 1620 மார்ச்சில் அதே கோயிலின் 39 கூரைப் படங்களுக்கு ஒப்பந்தம் எழுதியபோது, ஏற்கெனவே முடிந்திருந்த இந்த இரண்டுக்கும் உரிய 3,000 கில்டர் தொகையும் அதில் இடம்பெற்றது. கூரைப் படங்கள் 1718இல் தீக்கு இரையாயின. 1773இல் சபை கலைக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பேரரசி மரியா தெரேசா பீடப்படங்களை வாங்கி வியன்னாவுக்குக் கொண்டுபோனார். இன்று அவை அங்குள்ள கலை வரலாற்று அருங்காட்சியகத்தில், ரூபன்ஸ் பலகையில் தீட்டிய முன்வரைவுகளோடு இருக்கின்றன.

ஆண்டுகளில் ஒன்றை மட்டும் நின்று கவனிக்க வேண்டும். சவேரியார் 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார். அவருக்கு அருளாளர் பட்டம் 1619 அக்டோபரிலும் புனிதர் பட்டம் 1622 மார்ச்சிலும் கிடைத்தன. ரூபன்ஸ் தூரிகையை எடுத்தபோது திருச்சபை இன்னும் தீர்ப்பு எழுதவில்லை. கொச்சியிலும் முத்துக்குளித்துறையிலும் சாட்சியங்கள் பதிவாகிக்கொண்டிருந்தன. 1590களில் வெளிவந்த டோர்செல்லினோவின் இலத்தீன் வாழ்க்கை வரலாறு, புதுமைக் கதைகளை அதற்கு முன்பே ஐரோப்பாவில் பரப்பியிருந்தது. ஆகவே இந்தப் படத்தை ஏற்கப்பட்ட ஒரு புனிதருக்குச் செய்த அலங்காரமாகப் பார்ப்பது பிழை. நிலுவையில் இருக்கும் வழக்கில் வைக்கப்பட்ட வாதம் இது. வாதத்துக்குரிய இறுக்கம் அதில் இருக்கிறதா என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

வாதத்தின் பொருள் தமிழ் வாசகருக்குத் தொலைவானதன்று. இறந்தவர் எழுந்த கதைகளில் பல குமரிமுனைக்கு இருபுறமும் உள்ள கடற்கரையைச் சேர்ந்தவை. சவேரியார் தம் கடிதங்களில் எழுதியவை அவற்றைவிட மிக அடக்கமானவை. மூன்று நாள் பேறுகால வேதனையில் கிடந்த ஒரு பெண், திருமுழுக்குப் பெற்றதும் நலமாகப் பிள்ளை பெற்றதை 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறார். கடிதத்துக்கும் கதைக்கும் இடையே எழுபத்தைந்து ஆண்டு வளர்ச்சி இருக்கிறது. ரூபன்ஸ் வரைந்தது அந்த வளர்ச்சியின் உச்சத்தை.

இனிப் படத்துக்கு வருவோம். உயரமான கல்மேடை ஒன்றில் சவேரியார் நிற்கிறார். அருகே சபைத் தோழர் ஒருவர். இருவருக்கும் கறுப்பு அங்கி. கீழே, பார்ப்பவருக்கு மிக அருகில், நோயாளிகளும் இறந்தவர்களும் அவர்களைச் சூழ்ந்தவர்களும். அதற்கு அப்பால் திரண்ட கூட்டம். பின்னால் தூண்கள் நிறைந்த கோயில்; அதில் கொம்பு முளைத்த விக்கிரகம் ஒன்று உடைந்து சாய்கிறது. மேலே மேகங்களில், வானதூதர் சூழ, கிண்ணம் ஏந்திய விசுவாசம் பெண்ணுருவில் வருகிறது. அங்கிருந்து பாயும் ஒளிக்கற்றை விக்கிரகத்தைத் தாக்குகிறது.

பல புதுமைகளை ஒரே கணமாக்க ரூபன்ஸ் கண்ட வழி என்ன? சம்பவங்களைப் பக்கம் பக்கமாக அடுக்காமல், காரணமும் விளைவுமாகக் கோத்தார். சவேரியாரின் உயர்ந்த கை மேலே செல்லும் கோடு. வானிலிருந்து வரும் ஒளி கீழே இறங்கும் கோடு. முதல் கோட்டின் அடியில் பிணம் எழுகிறது. இரண்டாம் கோட்டின் முடிவில் சிலை விழுகிறது. எழுச்சியும் வீழ்ச்சியும் ஒரே இயக்கத்தின் இரு முனைகள் ஆகின்றன. வரலாற்றில் தனித்தனியாக இருந்தவை கண்ணுக்குள் ஒரே நிகழ்ச்சியாகின்றன. காலத்தின் ஒருமை போயிற்று; அதன் இடத்தில் செயலின் ஒருமை வந்தது. அமைப்பைப் பொறுத்தவரை இந்தத் தீர்வில் நான் குறை காணவில்லை. டின்டோரெட்டோவின் அடிமைப் படத்திலிருந்தும் ரஃபேலின் திருத்தூதர் வரைவுகளிலிருந்தும் ரூபன்ஸ் கடன் பெற்றிருக்கிறார். படிமேல் நின்று போதிக்கும் பவுலை அறிந்தவர் இந்தச் சவேரியாரைப் பார்த்ததும் இனம் கண்டுகொள்வார். ஆனால் இத்தனை நிகழ்ச்சிகளைத் தாங்கும் பொறுப்பு அந்த முன்மாதிரிகளுக்கு இல்லை.

கறுப்பைக் கையாண்ட விதம் தனிப் பாராட்டுக்கு உரியது. செம்மையும் பொன்னும் தசையின் வெதுவெதுப்பும் கொந்தளிக்கும் திரையில், கதையின் நாயகன்தான் வண்ணமற்ற உரு. சபையின் அங்கியை மாற்றும் சுதந்திரம் ஓவியருக்கு இல்லை. அந்தக் கட்டுப்பாட்டையே மையமாக மாற்றிக்கொண்டார். எங்கு தொடங்கினாலும் கண் அலைந்து களைத்து அந்தக் கறுப்பில் வந்து இளைப்பாறுகிறது. முகத்தில் மிகை உணர்ச்சி இல்லை. சுற்றிலும் உடல்கள் முறுக்கி வளைய, இவர் மட்டும் நேராக நிற்கிறார். பரோக் கலை அசைவை மட்டுமே வணங்குகிறது என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு உரு போதுமான மறுமொழி.

முன்தளத்தில் உள்ள உடல்களில்தான் ரூபன்ஸின் கைத்திறன் முழுமையாகத் தெரிகிறது. புதைகுழியிலிருந்து எழுபவனைக் கவனியுங்கள். சாவு அவன் தோலை விட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட இடங்களில், மற்ற உடல்களில் ரத்தத்தின் செம்மை ஓட, இவன் உடலில் பசுமை கலந்த சாம்பல் தங்கியிருக்கிறது. அவனைத் தொடும் கைகளின் நிறத்தோடு வைத்துப் பார்த்தால்தான் புதுமையின் பொருள் விளங்கும். உயிருள்ள சதை எப்படி இருக்கும் என்பது அருகிலேயே இருக்கிறது. இவன் அந்த நிறத்தை நோக்கிப் பாதி வழி வந்திருக்கிறான். நடந்து முடிந்த புதுமையையோ நடக்கப்போகும் புதுமையையோ வரைவது எளிது. நடந்துகொண்டிருக்கும் புதுமையை நிறத்தின் வழியே மட்டும் சொன்னவர் மிகச் சிலர்.

பார்வையற்றவனும் அப்படியே. கைகள் இரண்டையும் நீட்டி, தலையைச் சற்று உயர்த்தி, வெற்று வெளியைத் துழாவுகிறான். இவனுக்காக ரூபன்ஸ் தனியாக ஓர் ஆயத்த வரைவு செய்திருக்கிறார். அந்த உழைப்பு வீண்போகவில்லை. கூட்டம் முழுவதும் எதையோ பார்த்துக்கொண்டிருக்க, இவன் ஒருவன் மட்டும் பார்க்காமல் நம்புகிறான். படத்தின் சமயப் பொருள் இந்த இரண்டு கைகளில் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். மேகத்தில் கிண்ணம் ஏந்தி நிற்கும் விசுவாசத்தின் உருவகம் அந்த அளவுக்குப் பேசவில்லை. அது அழகாகத்தான் வரையப்பட்டிருக்கிறது. ஆனால் ரூபன்ஸின் பட்டறை எந்தக் கூரைக்கும் எந்த விழா வளைவுக்கும் தந்திருக்கக்கூடிய உருவம். உருவகம் சொல்ல வேண்டியதைக் கீழே ஓர் ஏழையின் உடல் சொல்லிவிட்ட பிறகு, மேலே அது மிகையாகிறது.

அருங்காட்சியகத்தில் படத்தைப் பார்ப்பவர் ஒன்றை இழக்கிறார். பீடத்தில் இருந்தபோது இந்த முன்தளத்து உடல்கள் திருப்பலி நிறைவேற்றும் குருவின் தலைக்குச் சற்று மேலே இருந்திருக்கும். அவர் அப்பத்தை உயர்த்தும் கணத்தில், எழும் பிணமும் துழாவும் கைகளும் அதன் அருகே வரும். படத்தின் கீழ்ப்பகுதியில் ஏன் இவ்வளவு நெருக்கம் என்ற குற்றச்சாட்டுக்கு இதில் ஓரளவு விடை இருக்கிறது. ஓரளவுதான். இடைத்தளத்தில் சில தலைகள் தலைகளுக்கு இடையே செருகப்பட்டவைதான். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அவற்றுக்கு வேலை இல்லை.

அந்த இடைத்தளத்தில் ஒருவர் மட்டும் வேறு வகை. கிழக்காசிய அங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்த அவருக்குரிய வரைவு, லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கெட்டி அருங்காட்சியகத்தில் 'கொரிய உடையில் ஒருவர்' என்ற பெயரில் இருக்கிறது. அவர் எந்த நாட்டவர் என்பதில் அறிஞர்களிடையே வழக்கு தீரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அங்கியின் மடிப்பு, கைகளை உள்ளிழுத்து நிற்கும் நிலை, முகத்தின் அமைதி ஆகிய அனைத்தும் பொறுமையாகக் கவனித்து வரையப்பட்டவை. 1617இன் தொடக்கத்தில், சீனாவிலிருந்து திரும்பிய சேசு சபைக் குரு நிக்கோலா திரிகோவைச் சீன உடையில் வரைந்ததும் இதே ரூபன்ஸ்தான். ஆசியாவைப் பற்றிக் கைக்கு எட்டிய சான்றைத் தேடிப் பிடித்து, மதித்து, திரையில் சேர்த்தவர் அவர். இதை அவருடைய கணக்கில் வரவாக வைத்துக்கொண்டுதான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

ஏனென்றால் அடுத்தது விக்கிரகம்.

கொம்பும் விலங்கு முகமும் கொண்ட இந்த உரு இந்தியாவில் எந்தக் கோயிலிலும் இருந்ததில்லை. 1510இல் அச்சான வர்த்தேமாவின் பயண நூல், கோழிக்கோட்டு அரசன் கொம்புள்ள பேயை வழிபடுவதாக எழுதியது. அதன் ஜெர்மன் பதிப்புக்கு மரவெட்டுப் படம் செய்தவர்கள் அந்தப் பேய்க்கு உடல் கொடுத்தார்கள். அன்று முதல் ஐரோப்பியக் கண்ணுக்கு இந்தியக் கடவுள் என்றால் நரகத்துப் பிசாசுதான். இந்த வரலாற்றைப் பார்த்தா மிட்டர் விரிவாக எழுதிவிட்டார். மீண்டும் சொல்லத் தேவையில்லை. ரூபன்ஸின் விக்கிரகம் அந்தப் பரம்பரையில் வந்தது. அதைச் சுற்றியுள்ள கோயில் ரோமானியத் தூண்களால் ஆனது. ஆக, உரோமைக் கோயிலுக்குள் கிறித்தவ நரகத்தின் பிசாசு. இந்தியா எங்கே?

அந்தக் காலத்தில் வேறு எப்படி வரைந்திருக்க முடியும் என்ற சமாதானம் வழக்கமாக வரும். நானும் 17ஆம் நூற்றாண்டு ஓவியரிடம் இன்றைய மானுடவியலைக் கேட்கவில்லை. அளவுகோல் படத்துக்குள்ளேயே இருக்கிறது. கிழக்காசிய உடையில் நிற்பவரை வரைந்த கை, கண்டதை நம்பிய கை. விக்கிரகத்தை வரைந்த கை, கேட்டதை நம்பிய கை. ஒரே திரையில் இரண்டு முறைமைகள். கவனிப்பு முடியும் இடத்தில் வாய்பாடு தொடங்குகிறது. அந்த வாய்பாடு படத்தின் மூலையில் எங்கோ ஒதுங்கி இருந்தால் மன்னித்துவிடலாம். வானத்து ஒளி போய் முடியும் இடமே அதுதான். காரணச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அங்கே இருக்கிறது. வாதம் முழுவதும் தொங்கும் கொக்கியில்தான் ஓவியர் கவனிக்காமல் வரைந்திருக்கிறார்.

கிறிஸ்டின் பொக்கல் இந்தப் படத்தில் கொள்ளைநோய்ப் படிமங்களைக் கண்டு, அவை சமயப் பிறழ்வுக்கான உருவகம் என்று வாதிட்டார். அதை ஏற்றால் விக்கிரகமும் இந்தியாவைக் குறிப்பது மட்டுமாகாது. சீர்திருத்தச் சபையினரை நோக்கியும் விரல் நீட்டும். நியாயமான வாசிப்பு. ஆனால் அது இன்னொரு சிக்கலைத் திறந்துவிடுகிறது. 1566 ஆகஸ்டில் ஆண்ட்வெர்ப் பேராலயத்துக்குள் கால்வின் சார்பினர் புகுந்து திருவுருவங்களை அடித்து நொறுக்கினார்கள். படம் வரையப்பட்டபோது அந்த நினைவுக்கு வயது ஐம்பதுதான். ரூபன்ஸின் தந்தையே கால்வின் சார்புடையவர் என்ற ஐயத்துக்கு ஆளாகி, 1568இல் நகரை விட்டு வெளியேறியவர். அப்படிப்பட்ட ஊரில், தலைமைப் பீடத்தின் மேல், ஒரு சிலை உடைவதை எப்படிக் காட்டுவது? உருவங்களை வணங்குவோர், உருவம் உடைவதைப் பார்த்து மகிழ வேண்டும். சுத்தியல் பிடித்த ஒரு கையைக் காட்டிவிட்டால் போதும், 1566 திரும்பி வந்துவிடும்.

ரூபன்ஸ் கையையே நீக்கிவிட்டார். ஒளி உடைக்கிறது, மனிதர் எவரும் தொடவில்லை. என் வாசிப்பில் இந்தப் படத்தின் மிகக் கூர்மையான முடிவு இதுதான். சிக்கலின் ஆழத்தை உணர்ந்தவர் எடுத்த முடிவு. அமைப்பிலும் அதன் பயன் பெரிது: ஒளிக்கற்றை இல்லாவிட்டால் படத்தின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒட்டாது.

அதே முடிவுக்கு ஒரு விலையும் உண்டு. முத்துக்குளித்துறையில் சிலைகளை உடைத்தது ஒளியன்று. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய கடிதத்தில் சவேரியாரே அதை மறைக்காமல் சொல்கிறார்: புதிதாக மறைக்கல்வி கற்ற சிறுவர்கள் தங்கள் பெற்றோர், உற்றோர் வழிபட்ட உருவங்களை எடுத்து உடைத்தார்கள், மிதித்தார்கள். பரதவர் குடும்பங்களுக்குள் மகன் ஒரு பக்கமும் தந்தை ஒரு பக்கமுமாக நடந்த விரிசல் அது. அந்தச் சிறுவர்கள் செய்ததை நாம் எப்படி மதிப்பிட்டாலும், அது மனிதச் செயல். துணிச்சலும் கொடுமையும் துயரமும் கலந்தது. படம் அந்தப் பொறுப்பை மனிதர் தோளிலிருந்து எடுத்து வானத்தின் மேல் வைத்துவிடுகிறது. அமைப்புக்கு எது வலிமை சேர்த்ததோ, அதுவே உள்ளடக்கத்தின் மனித எடையைக் குறைத்தது. கோயிலில் நிற்பவர்களைப் பாருங்கள்: அஞ்சி விலகுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு நம்பிக்கையை இழப்பவரின் முகம் அங்கே ஒன்றுகூட இல்லை. முன்தளத்தில் சாவை இவ்வளவு மதித்து வரைந்தவர், பின்தளத்தில் தோல்வியை மதிக்கவில்லை. எதிர்ப்பக்கம் பேயாகவே இருந்துவிட்டால், வெற்றிக்கு உழைக்க வேண்டியதில்லை. உழைக்காத வெற்றியில் நாடகம் இல்லை.

இணைப்படத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகிறது. இஞ்ஞாசியார் படத்தின் களம் கோயிலின் உட்புறம். பீடத்தருகே அவர், பின்னால் சபையினரின் வரிசை, முன்தளத்தில் பேய்பிடித்தவர்கள் முறுக்கிக்கொண்டு துடிக்கிறார்கள். அங்கேயும் எதிரி பேய்தான். ஆனால் அந்தப் பேய் மனித உடலுக்குள் இருக்கிறது. பின்னுக்கு வளையும் கழுத்திலும் இறுகும் விரல்களிலும் அதன் வலிமையை நாம் அளந்து பார்க்க முடிகிறது. எதிரியை நம்ப முடிவதால் விடுதலையையும் நம்ப முடிகிறது. களம் ரூபன்ஸ் அன்றாடம் அறிந்தது. எந்த இடத்திலும் அவர் பிறர் சொன்னதைக் கடன் வாங்கவில்லை. சவேரியார் படத்தில் உள்ளதுபோல இரண்டு முறைமைகள் மோதும் தையல் அதில் தென்படவில்லை. பீடத்தில் இவை மாறி மாறி வந்ததால் கோயிலுக்கு வந்தவர்கள் இரண்டையும் ஒருசேர நிறுத்துப் பார்க்கவில்லை. வியன்னாவில் ஒப்பீடு தவிர்க்க முடியாதது.

இன்னொரு ஒப்பீடும் கட்டாயம் வேண்டும். 1641இல் நிக்கோலா பூசான், பாரிஸில் சேசு சபையின் இளந்துறவியர் பயிற்சியகக் கோயிலுக்கு, சவேரியாரையே வரைந்தார். இன்று அது லூவரில் இருக்கிறது. ஜப்பானின் ககோஷிமாவில் இறந்த ஒரு பெண் உயிர் பெறும் ஒரே நிகழ்ச்சி. பூசான் ஒருமையைக் காப்பாற்றினார். துக்க வீட்டின் முகங்கள் ஒவ்வொன்றிலும் உணர்ச்சியின் ஒரு படியைப் பிரித்துக் காட்டினார். அந்த அறிவொழுங்கு ரூபன்ஸிடம் இல்லை. ஆனால் மேலே தோன்றும் கிறிஸ்து இடியேந்திய யூப்பிட்டர் போல் இருக்கிறார் என்று அன்றே எழுந்த குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. வானமும் வீடும் அங்கே இணையவில்லை. பூசானின் ஜப்பானியர்களும் பழங்கால ஐரோப்பியச் சிற்பங்களின் உறவினர்களே. தெரியாத நாட்டை வரைய நேர்ந்தபோது இருவருமே ஏட்டுக்குப் போனார்கள். வேறுபாடு, ரூபன்ஸ் ஒரு முறையாவது, ஓர் உருவிலாவது, ஏட்டை மூடிவிட்டுப் பார்த்தார் என்பது.

ஆகவே அமைப்புக் கலையில் இந்தப் படத்தைப் பூசானுக்கும், இணைப்படமான இஞ்ஞாசியாருக்கும் மேலே வைக்கிறேன். இவ்வளவு பொருளை இவ்வளவு குறைந்த கோடுகளால் கட்டிய இன்னொரு பீடப்படத்தை அந்தத் தலைமுறையில் நான் அறியேன். எழுபவனின் தோலும் துழாவுபவனின் கைகளும் ரூபன்ஸின் வாழ்நாள் உழைப்பில் முதல் தரமானவை. சமய நாடகம் என்ற அளவில் அது இஞ்ஞாசியாருக்கு அடுத்த இடம்தான். விசுவாசத்தின் உருவகம் சராசரி. விக்கிரகமும் கோயிலும் அதற்கும் கீழே. அவற்றைக் காலத்தின் கணக்கில் எழுத மறுக்கிறேன், ஓவியரின் கணக்கில்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நான்கு விரற்கடை தள்ளி நிற்கும் அந்தத் தொப்பிக்காரரை அவரால் பார்க்க முடிந்திருக்கிறது.